ஆங்கிலத்தில் ஒன்றும் பலவும்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று மொழிகளைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலாய், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். தமிழும் மலாயும் காதில் விழுந்து விழுந்து தாமாகப் படிந்துவிடுகின்றன. ஆங்கிலமோ அப்படிப் படிவதில்லை. அதனால் தமிழில் நினைத்ததைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ஆங்கிலமாக எழுதிவிடுகிறார்கள். 'ஐ ஹேவ் புக்', 'மை ஃபாதர் இஸ் வொர்க்கர்', 'டூ கவ்', 'எவ்ரி வொர்க்கர்ஸ்' என்று வாக்கியங்கள் வருகின்றன. பொருள் ஓரளவு விளங்கும். ஆனால் நான்குமே பிழை. பிழை எங்கே என்று பார்த்தால், நான்கிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னே ஒரு சிறு சொல் விடுபட்டிருக்கிறது. அல்லது அந்தச் சிறு சொல்லுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் பொருத்தம் இல்லை.

அந்தச் சிறு சொற்களை ஆங்கில இலக்கண நூல்கள் 'டிடெர்மினர்' என்று அழைக்கின்றன. பெயர்ச்சொல்லுக்கு முன்னே நிற்பதால், இன்றைய உரையில் அவற்றை 'முன்சொல்' என்று வைத்துக்கொள்வோம். எ, ஆன், தி, திஸ், தட், மை, யுவர், ஈச், எவ்ரி, சம், மெனி, ஆல் என்பவை எல்லாம் முன்சொற்களே.

இவ்வளவு சிறிய சொற்களுக்கு ஓர் உரை வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்துப் பலகையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'சம் ஹவுஸஸ் வில் பி ரிப்பேர்ட்' என்று இருந்தால், சில வீடுகள் பழுதுபார்க்கப்படும் என்று பொருள். உங்கள் வீடு அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'தி ஹவுஸஸ் வில் பி ரிப்பேர்ட்' என்றால், முன்னரே பேசி முடிவான அந்த வீடுகள். 'ஆல் தி ஹவுஸஸ்' என்றால் ஒன்று விடாமல் எல்லா வீடுகளும். 'எ ஹவுஸ்' என்றால் ஏதோ ஒரு வீடு, அவ்வளவுதான். வீடு என்ற சொல் மாறவில்லை. பழுதுபார்த்தல் என்ற சொல்லும் மாறவில்லை. முன்சொல் மாறியதும் லயத்துக் குடும்பங்களின் எதிர்பார்ப்பே மாறிவிடுகிறது.

சட்டத்திலும் இப்படித்தான். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு வாராந்திர ஓய்வு நாளைப் பற்றிப் பேசுகிறது. அதன் ஆங்கில வாசகத்தில் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னே 'எவ்ரி' நிற்கிறது. வாரத்துக்கு முன்னே 'ஈச்' நிற்கிறது. ஓய்வு நாளுக்கு முன்னே 'எ' நிற்கிறது. அந்த நாள் முழு நாள் என்பதைக் காட்ட 'ஒன்' நிற்கிறது. யாருக்கு? ஒவ்வொருவருக்கும். எப்போது? ஒவ்வொரு வாரமும். எவ்வளவு? ஒரு முழு நாள். உரிமையின் அளவு முழுவதும் அந்த நான்கு சிறு சொற்களில்தான் அடங்கியிருக்கிறது. அங்கே 'எவ்ரி' என்பதற்குப் பதிலாக 'சம்' இருந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். முதலில் பெயர்ச்சொற்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடியவை ஒரு வகை. மரம், வீடு, வாளி, பிள்ளை, கத்தி ஆகியவை அவ்வகை. தனித்தனியாக எண்ண முடியாமல் அளந்தோ நிறுத்தோ சொல்லக்கூடியவை மற்றொரு வகை. தண்ணீர், அரிசி, மணல், மரத்துப் பால் ஆகியவை அவ்வகை. பாலை எண்ண முடியாது. பால் வாளியை எண்ணலாம். இன்று நாம் பேசப்போவது எண்ணக்கூடிய பெயர்களைப் பற்றி மட்டுமே.

இதில் முதல் விதி மிக எளியது. ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் தனியாக நிற்காது. அதற்கு முன்னே ஒரு முன்சொல் கட்டாயம் வேண்டும். 'ஐ ஹேவ் புக்' என்பது தவறு. 'ஐ ஹேவ் எ புக்' எனலாம். 'ஐ ஹேவ் தி புக்' எனலாம். 'ஐ ஹேவ் யுவர் புக்', 'ஐ ஹேவ் திஸ் புக்', 'ஐ ஹேவ் ஒன் புக்' என்றும் சொல்லலாம். எந்த முன்சொல் என்பது பொருளைப் பொறுத்தது. ஆனால் ஏதாவது ஒன்று அங்கே இருந்தே தீர வேண்டும்.

தமிழில் இந்தக் கட்டாயம் இல்லை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பது நல்ல தமிழ். 'என் அப்பா தொழிலாளி', 'என் அக்காள் தாதி' என்பவையும் நல்ல தமிழ். 'என் அப்பா ஒரு தொழிலாளி' என்று சொன்னால்தான் காதுக்குச் சற்றுச் செயற்கையாகப் படும். ஆங்கிலத்திலோ 'மை ஃபாதர் இஸ் எ வொர்க்கர்', 'மை சிஸ்டர் இஸ் எ நர்ஸ்' என்றே சொல்ல வேண்டும். ஒருவருடைய தொழிலைச் சொல்லும்போது 'எ' விடுபடுவதுதான் நம் பிள்ளைகளின் நோட்டுப்புத்தகத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழை. இதை மட்டும் திருத்திக்கொண்டாலே பாதிப் பாரம் குறைந்துவிடும்.

அடுத்து, 'எ' எங்கே, 'ஆன்' எங்கே என்ற கேள்வி. இதற்குத் தமிழ் தெரிந்தவர்கள் அஞ்ச வேண்டியதே இல்லை. நாம் 'ஒரு மாடு' என்கிறோம். 'ஓர் ஆடு' என்கிறோம். மெய்யொலிக்கு முன் 'ஒரு', உயிரொலிக்கு முன் 'ஓர்'. ஆங்கிலத்திலும் அதே முறைதான். மெய்யொலிக்கு முன் 'எ', உயிரொலிக்கு முன் 'ஆன்'. 'எ கவ்', 'எ பக்கெட்', 'எ ட்ரீ' என்போம். 'ஆன் ஆப்பிள்', 'ஆன் எஸ்டேட்', 'ஆன் அம்ப்ரெலா' என்போம்.

இந்த ஒற்றுமைக்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்பதைக் குறித்த சொல்லே காலப்போக்கில் மெலிந்து 'ஆன்' ஆயிற்று. மெய்யொலிக்கு முன்னே அதன் கடைசி ஒலி தேய்ந்து 'எ' ஆயிற்று. ஆகவே 'எ' என்பதும் ஒரு வகையில் ஒன்றுதான். ஒன்று என்ற பொருள் அதற்குள் இருப்பதால்தான் பன்மைப் பெயருக்கு முன்னே அது ஒருநாளும் வராது. 'எ புக்ஸ்' என்று எழுதுவது, தமிழில் 'ஒரு புத்தகங்கள்' என்று எழுதுவதைப் போன்றது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே எழுத்தைப் பார்க்கக்கூடாது. ஒலியைக் கேட்க வேண்டும். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதும்போது 'எச்' என்ற எழுத்தில் தொடங்குகிறோம். அந்த எழுத்து ஒலிப்பதில்லை, உயிரொலிதான் கேட்கிறது. ஆகவே 'ஆன் அவர்'. பள்ளிச் சீருடையைக் குறிக்கும் 'யூனிஃபார்ம்' என்ற சொல்லை எழுதும்போது 'யூ' என்ற உயிரெழுத்தில் தொடங்குகிறோம். ஆனால் கேட்பதோ யகர ஒலி. ஆகவே 'எ யூனிஃபார்ம்'.

இனி 'தி' என்பதைப் பார்ப்போம். கேட்பவருக்கு இன்னது என்று தெரிந்திருந்தால் 'தி'. தெரியாத புதுப் பொருளானால் 'எ'. கோலசிலாங்கூரில் மலாவாத்திக் குன்றுக்குப் போனவர்களுக்கு அங்குள்ள குரங்குகளைத் தெரியும். ஒரு பிள்ளை வந்து இப்படிச் சொல்கிறான்: 'எ மங்கி டுக் மை பனானா. தி மங்கி ரேன் டு எ ட்ரீ.' முதல் வாக்கியத்தில் குரங்கு நமக்குப் புதிது. ஏதோ ஒரு குரங்கு. ஆகவே 'எ'. இரண்டாம் வாக்கியத்தில் அது பழத்தைப் பறித்த அதே குரங்கு. ஆகவே 'தி'. மரமோ இன்னும் நமக்குத் தெரியாத மரம். அதனால் மறுபடியும் 'எ'. அதே குன்றில் உள்ள கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசினால், அங்கே இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் முதல் பேச்சிலேயே 'தி லைட்ஹவுஸ்' என்று சொல்லிவிடலாம். சூரியன், சந்திரன் ஆகியவற்றுக்கும் இப்படியே 'தி சன்', 'தி மூன்'.

தமிழில் 'தி' போன்ற ஒரு சொல் இல்லை என்று பலர் சொல்வார்கள். சொல் இல்லைதான், ஆனால் அந்தப் பொருள் நம்மிடம் இருக்கிறது. 'நான் புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'நான் புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நீங்களும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். 'ஐ' என்ற வேற்றுமை உருபு வந்ததும் பொருள் உறுதிப்பட்டுவிட்டது. முன்னதை ஆங்கிலத்தில் 'ஐ பாட் எ புக்' என்றும், பின்னதை 'ஐ பாட் தி புக்' என்றும் சொல்ல வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 'எ' போடுவதா 'தி' போடுவதா என்று பிள்ளை திகைக்கும்போது, அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னால் பல நேரங்களில் விடை கிடைத்துவிடும்.

ஒருமை முடிந்தது. பன்மைக்கு வருவோம்.

தமிழில் உயர்திணைப் பெயர்கள் பன்மையைத் தவறாமல் காட்டும். 'இரண்டு தொழிலாளி' என்று நாம் எழுதுவதில்லை. 'இரண்டு தொழிலாளர்' என்கிறோம். ஆனால் அஃறிணையில் அந்தக் கண்டிப்பு இல்லை. 'நாலு மரம் விழுந்தது' என்றும் பேசுகிறோம். 'நாலு மரங்கள் விழுந்தன' என்றும் எழுதுகிறோம். ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இப்படிப்பட்ட சொற்களைப் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று நம் இலக்கணம் கூறுகிறது. மலாயிலும் எண்ணுக்குப் பின் பன்மை வேண்டியதில்லை. 'ரூமா-ரூமா' என்றால் வீடுகள். ஆனால் இரண்டு வீடுகள் என்பதற்குத் 'துவா புவா ரூமா' என்றுதான் சொல்கிறோம். எண் வந்துவிட்டதால் பெயரை இரட்டிப்பதில்லை.

இரு மொழிகளிலும் எண்ணே போதும் என்ற பழக்கம் இருப்பதால்தான், நம் பிள்ளை ஆங்கிலத்திலும் 'டூ கவ்', 'டென் ட்ரீ' என்று எழுதிவிடுகிறான். ஆங்கிலம் இதை ஏற்காது. ஒன்றுக்கு மேல் போனால், எண் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெயரில் பன்மை தெரிய வேண்டும். 'டூ கவ்ஸ்', 'டென் ட்ரீஸ்' என்றே எழுத வேண்டும். கம்போங் குவாந்தானில் இரவில் படகில் சென்று மின்மினி பார்க்கிறோம் என்று தமிழில் சொல்கிறோம். மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்னினாலும் நமக்கு அது மின்மினிதான். ஆங்கிலத்தில் ஒன்றானால் 'எ ஃபயர்ஃப்ளை', பலவானால் 'ஃபயர்ஃப்ளைஸ்'. சில சொற்கள் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். 'எ சைல்ட்' என்பது 'சில்ட்ரன்' ஆகும். 'எ மேன்' என்பது 'மென்' ஆகும். 'எ ஃபுட்' என்பது 'ஃபீட்' ஆகும். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பன்மைப் பெயருக்கு ஒரு சலுகை உண்டு. அது முன்சொல் இல்லாமல் தனியாகவும் நிற்கலாம். அப்படி நின்றால் பொதுவாக அந்த இனம் முழுவதையும் குறிக்கும். 'கவ்ஸ் ஈட் கிராஸ்' என்றால் மாடுகள் புல் தின்னும் என்ற பொது உண்மை. 'தி கவ்ஸ் ஆர் இன் தி ஃபீல்ட்' என்றால் நாம் அறிந்த அந்த மாடுகள் வயலில் நிற்கின்றன என்று பொருள்.

தமிழில் இனத்தைச் சொல்ல ஒருமையே போதும். இதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் ஊரின் அருகே 'தென்னமாரம்' தோட்டம் உள்ளது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை பயிரிட்ட இடம் அது. செம்பனைக்குப் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயர் நம் காதுக்குத் தென்னைமரம் என்று கேட்பது ஒரு வேடிக்கை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. 'தென்னைமரம்' என்ற தமிழ்ச் சொல் ஒரு மரத்தையும் குறிக்கும், ஒரு தோப்பையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ஒன்றானால் 'எ கோகனட் ட்ரீ'. பலவானால் 'கோகனட் ட்ரீஸ்'. இரண்டில் எது என்று சொல்லியே ஆக வேண்டும்.

இனி, எந்த முன்சொல் எதனோடு சேரும் என்று வகைப்படுத்திக்கொள்வோம். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமையோடு மட்டும் சேர்பவை: எ, ஆன், ஒன், திஸ், தட், ஈச், எவ்ரி, அனதர்.

பன்மையோடு மட்டும் சேர்பவை: தீஸ், தோஸ், மெனி, ஃபியூ, எ ஃபியூ, செவரல், போத், மற்றும் டூ முதலான எண்கள்.

இரண்டோடும் சேர்பவை: தி, மை, யுவர், ஹிஸ், ஹர், அவர், தேர் என்னும் உடைமைச் சொற்கள், நோ, எனி ஆகியவை.

'சம்', 'ஆல்' ஆகிய இரண்டும் எண்ணக்கூடிய பெயர்களோடு வரும்போது பெரும்பாலும் பன்மையோடு வரும் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் 'எவ்ரி', 'ஆல்' இரண்டும் பிள்ளைகளைக் குழப்புபவை. தமிழைத் துணைக்கு அழைத்தால் குழப்பம் தீரும். 'ஒவ்வொரு தொழிலாளியும் வந்தார்' என்கிறோம்; அங்கே ஒருமை. 'எல்லாத் தொழிலாளர்களும் வந்தார்கள்' என்கிறோம், அங்கே பன்மை. ஆங்கிலத்திலும் அதேதான். 'எவ்ரி வொர்க்கர்', 'ஆல் வொர்க்கர்ஸ்'. 'எவ்ரி வொர்க்கர்ஸ்' என்பது 'ஒவ்வொரு தொழிலாளர்களும்' என்று சொல்வதைப் போன்ற பிழை.

'ஃபியூ', 'எ ஃபியூ' என்ற இரண்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'எ ஃபியூ சில்ட்ரன் கேம்' என்றால் சில பிள்ளைகள் வந்தார்கள். 'ஃபியூ சில்ட்ரன் கேம்' என்றால் சில பிள்ளைகளே வந்தார்கள். வர வேண்டிய அளவுக்கு வரவில்லை என்ற குறை தொனிக்கிறது. தமிழில் ஓர் ஏகாரம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அந்த 'எ' இல்லாமை செய்கிறது.

மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'எவ்ரி டே' என்றால் நாள்தோறும். 'எவ்ரி அதர் டே' என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுவில் ஒரு சொல் கூடியதும் மருந்தின் அளவு பாதியாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதிய மருந்துக் குறிப்பைப் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லும்போது, ஒரு சொல்லையும் தாண்டிப் போகக்கூடாது. ஐயம் இருந்தால் மருந்தகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மற்றொரு விதி. எ, தி, திஸ், மை போன்றவற்றில் இரண்டை ஒரே பெயருக்கு முன் அடுக்கக்கூடாது. தமிழில் 'இந்த என் வீடு' எனலாம். ஆங்கிலத்தில் 'திஸ் மை ஹவுஸ்' என்று சேர்க்க முடியாது. 'தி மை ஹவுஸ்' என்றும் சொல்ல முடியாது. 'என்னுடைய நண்பர் ஒருவர்' என்பதை 'எ மை ஃபிரெண்ட்' என்று மாற்றக்கூடாது; 'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்' என்று சொல்ல வேண்டும். 'ஆல்', 'போத்' போன்ற சில மட்டும் மற்றவற்றுக்கு முன்னே நிற்கும் உரிமை பெற்றவை. 'ஆல் தி வொர்க்கர்ஸ்', 'போத் மை சன்ஸ்' என்பவை சரியே.

'ஒன் ஆஃப்' என்று தொடங்கினால் பின்னே பன்மை வரும். 'ஒன் ஆஃப் மை சில்ட்ரன்' என்பது சரி. பிள்ளைகளில் ஒருவர் என்று நாமும் பன்மைதானே சொல்கிறோம்? ஆனால் வினைச்சொல் அந்த ஒருவரையே பின்பற்றும். 'ஒன் ஆஃப் மை சில்ட்ரன் இஸ் எ டீச்சர்' என்று வரும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஊர்ப் பெயர், ஆட்பெயர் ஆகியவற்றுக்குப் பொதுவாக முன்சொல் வேண்டாம். பழக்கத்தில் உறைந்துவிட்ட சில தொடர்களிலும் ஒருமைப் பெயர் தனியாகவே நிற்கும். 'கோ டு ஸ்கூல்', 'பை பஸ்', 'அட் நைட்' ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றைக் கண்டு, விதியே பொய் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. படிக்கும் போதெல்லாம் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு சிறு பயிற்சி. ஐந்து வாக்கியங்களைச் சொல்கிறேன், திருத்திப் பாருங்கள். ஒன்று: 'மை மதர் இஸ் டேப்பர்.' இரண்டு: 'ஐ சா ஆன் மங்கி.' மூன்று: 'திஸ் புக்ஸ் ஆர் நியூ.' நான்கு: 'ஈச் பாய்ஸ் ஹாஸ் எ பேக்.' ஐந்து: 'வி ஹேவ் த்ரீ பக்கெட்.'

விடைகள் இவை. ஒன்று: 'மை மதர் இஸ் எ டேப்பர்.' தொழிலைச் சொல்லும்போது 'எ' வேண்டும். இரண்டு: 'ஐ சா எ மங்கி.' மெய்யொலிக்கு முன் 'எ'. மூன்று: 'தீஸ் புக்ஸ் ஆர் நியூ.' பன்மைக்குத் 'தீஸ்'. நான்கு: 'ஈச் பாய் ஹாஸ் எ பேக்.' 'ஈச்' ஒருமையோடு சேரும். ஐந்து: 'வி ஹேவ் த்ரீ பக்கெட்ஸ்.' எண் வந்தாலும் பன்மை தெரிய வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். இந்தப் பாடத்துக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதியதும், அதில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். அதை எண்ண முடியுமா? ஒன்றா, பலவா? தெரிந்ததா, புதியதா? எண்ண முடியும், ஒன்றுதான் என்று பிள்ளை சொன்னால், அதற்கு முன்னே என்ன சொல் போட்டிருக்கிறாய், காட்டு என்று கேளுங்கள். ஒன்றும் போடவில்லை என்றால் பிள்ளையே பென்சிலை எடுத்துத் திருத்திக்கொள்ளும். பலவென்று சொன்னால், கடைசியில் பன்மை தெரிகிறதா என்று கேளுங்கள். நாள்தோறும் ஐந்து வாக்கியங்கள் போதும். மாலையில் சோறு வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த மூன்று கேள்விகளும் பழகிவிட்ட பிள்ளை, ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பையும் ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு நீட்டப்படும் தாளையும் நிதானமாகப் படிக்கும். இது எல்லாருக்குமா, சிலருக்கா, ஒருவருக்கா என்று கேட்கவும் தெரிந்துகொள்ளும். படிப்பால் நாம் வேண்டுவதும் அதுதானே?